புள்ளி வைத்த எழுத்து

நாற்பத்தொன்று வந்தபோது
உலர்பனியில் புகைந்துகொண்டிருந்தது.
அறுவைக்கூடத்திலிருந்து ஹலினா ஓடிவந்து கொடுத்தாள்:
ஒரே சிறுநீரகத்தின் இரண்டு துண்டு.
ஒன்று புற்று. மற்றது அதன் பக்கத்து வீடு.
பெண், வயது அறுபத்து மூன்று, ஊர் க்னியெஸ்னோ.
ஒப்புதல் தாளில் பெயரை மறைத்திருந்தார்கள்;
கையெழுத்தின் வால் மட்டும்
கறுப்புப் பட்டைக்கு வெளியே நீண்டிருந்தது.

நான் தேடுவது சின்னது.
எழுபத்தாறு எழுத்து.
தன்மேல் தானே மடங்கி முடிச்சிட்டுக்கொண்ட
ஒரு சுமைகூலி.
தோளில் ஒரே ஒரு அமினோ அமிலம்;
மூன்றெழுத்துச் சீட்டு கேட்ட இடத்தில் இறக்கிவிட்டு
வெறுங்கையோடு திரும்பும்.
பாடப்புத்தகத்தில் அதன் பெயர் கடத்து ஆர்.என்.ஏ.
ஒரு செல்லுக்குள் கோடிக்கணக்கில் இருக்கும்,
எண்ணத்தான் விடாது.

எண்ணுவதென்றால் படியெடுக்க வேண்டும்.
படியெடுக்கும் நொதி வாலிலிருந்து தொடங்கும்,
வால் எப்போதும் ஏ, சி, சி.
பதினெட்டு எழுத்துவரை தடையில்லை.
ஐம்பத்தெட்டாம் இடத்தில்
ஏ-யின் தலையில் ஒரு மெத்தில்.
புள்ளி வைத்த எழுத்து.
உயிர் கழன்ற மெய்யை
எப்படி உச்சரிப்பதென்று தெரியாமல்
நொதி வாயடைத்து நிற்கும்.
அரைகுறைப் படி நழுவி விழும்.
நீளம் போதாதவை வேண்டாம் என்று
நானே எழுதிய நிரலின் ஒற்றை வரி
அதைக் குப்பையில் சேர்க்கும்.

ஏழு மாதம்.
நாற்பது பேர், நாற்பது ஜோடி.
எல்லாவற்றிலும் புற்றின் பக்கம்
அர்ஜினின் சுமப்பது குறைவு.
நீலத் தூண் நெட்டை, சிவப்புத் தூண் குட்டை.
லெஷெக் படத்தைப் பார்த்துவிட்டு
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்,
சந்தோஷம் வந்தால் அவருக்கு அப்படித்தான்.
"பசித்த புற்று" என்று தலைப்பு வைத்தார்.
ப்ருனோ மாநாட்டுக்கு அனுப்பியும் ஆயிற்று.

நாற்பத்தொன்றில்தான் எனக்குக் கை அரித்தது.
(பெரிய காரணமில்லை. புள்ளியைத் துடைக்கும் நொதி
ஒரு குப்பி வாங்கியது சும்மா கிடந்தது,
காலாவதிக்கு ஒன்பது நாள்.)
சாற்றை இரண்டாகப் பிரித்தேன்.
பாதிக்குத் துடைப்பு, பாதி அப்படியே.
வரிசைக்கருவி இரவெல்லாம் முனகியது.
நான் கடைசி டிராமைத் தவறவிட்டு
மேலங்கியைப் போர்த்திக்கொண்டு நாற்காலியிலேயே தூங்கிப்போனேன்.

காலையில்
துடைக்காத பாதியில் சிவப்பு குட்டை.
துடைத்த பாதியில்
நீலமும் சிவப்பும்
ஒரே உயரம்.

குழாய் மாறிவிட்டதோ என்று
மூடியில் எண்ணை நகத்தால் சுரண்டிப் பார்த்தேன்.
மாறவில்லை.
கூலிகள் அத்தனை பேரும் அங்கேதான் இருந்தார்கள்.
புற்றில் புள்ளிகள் அதிகம், அவ்வளவுதான்.
என் நொதி தடுக்கி விழுந்த இடங்களையெல்லாம்
நாற்பது பேர் உடம்பின் பஞ்சமென்று
கணக்கெழுதி வைத்திருந்தேன்.

இம்முறை லெஷெக் கண்ணாடியைத் தொடவில்லை.
"ஒரே ஒரு மாதிரி, போக்னா."
"மற்றதெல்லாம் உறைபெட்டியில் இருக்கிறது."
"எவ்வளவு?"
"சிலதில் ஒரு தடவைக்கு. சிலதில் அதுவும் இல்லை."
கீழே வார்த்தா ஆறு மூடுபனிக்குள் நுழைந்து
பாலத்துக்கு அப்பால் வெளிவந்ததா என்று தெரியவில்லை.
"எத்தனை முடியுமோ அத்தனை" என்றார்.
கதவருகே போய்த் திரும்பினார்:
"நல்ல தலைப்பு அது."

மதியம் மாநாட்டுக்காரர்களுக்கு எழுதினேன்.
திரும்பப் பெறும் காரணம் என்ற கட்டத்தில்
என்னென்னவோ தட்டி, அழித்து,
"முறைப் பிழை" என்று போட்டேன்.
கட்டம் அவ்வளவுதான் கொள்ளும்.

பிறகு நாற்பத்தொன்றை எடுத்தேன்.
துடைத்த குழாய் எது என்று நாளை குழம்பக்கூடாதே,
மூடியின்மேல் மார்க்கரால்
ஒரு புள்ளி.
மிச்சம் நான்கு மைக்ரோலிட்டர்.