கூடுதல் தட்டு

அனுப்பானடி கிளை நூலகம், சனிக்கிழமை நாலு மணி.
பதினொரு பிள்ளைகள், ஒரே ஒரு மின்விசிறி.
படம் அவர்கள் பக்கம் தெரியப்
புத்தகத்தைத் திருப்பிப் பிடித்துப் படிக்கிறேன்:
பனி. ரொட்டிக்காரர் வீடு.
துணி அலமாரிக்குப் பின்னால் ஒரு கதவு,
கதவுக்குப் பின்னால்
அப்பா, அம்மா, இருமக் கூடாத ஒரு குழந்தை.

"யூதர்னா யாரு மிஸ்?"
தேடி வந்தவர்களின் பட்டியலில்
பேர் இருந்தவர்கள் என்றேன்.
போதாது. எனக்கே தெரிந்தது.
"பனின்னா ஃப்ரீஸர்ல இருக்குமே, அதா?"
அதற்குப் பதில் சுலபம்.

படம் வரைந்தவர் கெட்டிக்காரர்.
பட்டாளத்தான் படியேறும் பக்கத்தில்
மேசைமேல் ஏழு தட்டு வைத்திருக்கிறார்.
ரொட்டிக்காரர் வீட்டில் நாலு பேர்தான்.
எழுத்தில் அதைப் பற்றி ஒரு சொல் இல்லை.
பிள்ளைகள்தான் விரல் வைத்து எண்ணும்.
"அய்யய்யோ, மாட்டிக்குவாங்க!"

அப்போதுதான் செல்வரூபி சொன்னாள்,
முன்பல் விழுந்த வாயோடு:
"எங்க வீட்லயும் தட்டு கூட இருக்கு மிஸ்.
பரண்ல ஒரு அக்காவும் அண்ணனும் இருக்காங்க.
அக்கா தாலிய சட்டைக்குள்ள போட்டிருக்கு.
யார்ட்டயும் சொல்லக் கூடாதாம்."

மின்விசிறி சுற்றியது.
எதிர் டீக்கடையில்
செவ்வாய்க்கிழமையிலிருந்து ரெண்டு பைக் நிற்கிறது.
செல்போனில் ஒரு பெண்ணின் கல்லூரிப் படம்.
எனக்கும் காட்டினார்கள். தெரியாது என்றேன்.
அன்றைக்கு அது உண்மை.

இந்தக் கதையில் பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி உண்டு.
மூன்றாம் பக்கம் ஜன்னல் திரையை விலக்கி நிற்பாள்,
ஒன்பதிலும்.
வசனம் கிடையாது.
சும்மா இடம் நிரப்ப வரைந்தது என்று
இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

"செல்வரூபி கதை நல்லாச் சொல்றா" என்றேன்.
குரல் யாருடையதோ போல வந்தது.
"எங்க, எல்லாரும் சொல்லுங்க.
உங்க வீட்டுப் பரண்ல யாரு?"

இன்பராஜ் வீட்டில் புலி.
நஸ்ரின் வீட்டில் மூன்று பேய், அதில் ஒன்று சைவம்.
கதிரேசன் வீட்டில் பரணே இல்லை,
ஆனாலும் அங்கே பீரங்கியோடு ஒரு பட்டாளம்.
புலிக்கு வால் முளைத்தது, குட்டி போட்டது,
பேய்க்கும் புலிக்கும் சண்டை,
ஓடு பிய்ந்துவிடும் போலச் சத்தம்.
அந்தச் சத்தத்துக்குள்
ஒரு அக்காவும் அண்ணனும்
குனிந்து உட்கார்ந்துகொண்டார்கள்.

செல்வரூபி மட்டும் சிரிக்கவில்லை.
நெசமாத்தான் மிஸ் என்று வாயெடுத்தவள்
தட்டுகளைப் பார்த்தாள்,
என்னைப் பார்த்தாள்,
உதட்டை உள்ளே மடித்துக்கொண்டாள்.
ஏழு வயதுக்கு அது பெரிய வேலை.

கடைசிப் பக்கம் அடுத்த வாரம் என்று சொல்லி
நூலகத்தைப் பூட்டினேன்.
டீக்கடையைத் தாண்டித்தான் பஸ் ஸ்டாப்.
பனி விழாத ஊர், கழுத்தெல்லாம் வியர்வை.
பைக்கில் சாய்ந்திருந்தவன் கேட்டான்:
"பிள்ளைக எதுக்கு இந்தக் கத்து கத்துதுக?"

புலி என்றேன்.