மாற்று நாள்

சனிக்கிழமை பத்து மணிக்கு ஒரு கூட்டம் கிளம்பும்.
மூன்று மணிக்கு அடுத்தது வந்திறங்கும்.
இடையில் ஐந்து மணி நேரம்
இந்த வில்லா என் கையில்.

ஆறு படுக்கை, இருபத்துநாலு தலையணை.
கடலைப் பார்த்த குளியல் தொட்டியில்
யாரோ விட்டுப்போன ஒற்றைக் கம்மல்.
குளிர்பெட்டியில் தொடாத அத்திப்பழம் ஒன்பது.
எட்டு என்றே வைத்துக்கொள்ளுங்கள்.
ஏதென்ஸிலிருந்து ஃபோட்டினி கூப்பிடுகிறாள்:
"ஆர்கிரோ, வெள்ளைப் பூ வைத்தாயா?"
வைத்தேன்.

துண்டு அடுக்கப் போனபோதுதான் பார்த்தேன்.
விளிம்பில்லாக் குளத்தின் நடுவே
இரண்டு கொம்பு.

சராந்திஸின் ஆடு.
ஏப்ரலுக்குப் பிறகு மழை இல்லை.
தீவின் இந்தப் பக்கத்தில்
கரிக்காத தண்ணீர் என்று திறந்து கிடப்பது இது ஒன்றுதான்.
கப்பலில் வந்து, லாரி ஏறி, மலை ஏறி வந்த தண்ணீர்.
நாக்கை நீட்டியிருக்கும்,
பளிங்கு வழுக்கியிருக்கும்.

சராந்திஸுக்குப் போன் அடித்தேன். எடுக்கவில்லை.
எடுக்கவும் மாட்டான்.
நிலம் விற்றவர்களோடு அவன் பேசி நாலு வருடம்.
நாங்கள் விற்றவர்கள்.
இந்தச் சமையலறை நிற்பது எங்கள் பார்லிக் காடு;
முள்ளும் கல்லும் நன்றாக விளையும்.
விற்ற காசில் கூரை மாற்றினோம்,
பையனுக்குப் பல் சீராக்கினோம்.
வருத்தம் என்று ஒன்றுமில்லை.

இலை அள்ளும் வலையை நீட்டினேன்.
ஆடு அதைக் கடித்தது.
செருப்பைக் கழற்றினேன்.
ஏழு கோடையாய் இந்தக் குளத்தைத் தேய்த்திருக்கிறேன்,
இறங்கியதில்லை.
சீருடையோடு இறங்கி,
அதன் பின்புறத்துக்குத் தோள் கொடுத்து
ஒவ்வொரு படியாய்த் தள்ளி ஏற்றினேன்.
மேலே போய் உடம்பை உதறியது பாருங்கள்,
வெள்ளை சோபா முழுக்க.

நான் ஏறவில்லை.

கழுத்தளவு நீரில் திரும்பிப் பார்த்தால்
குளம் முடியும் இடத்தில் கடல் தொடங்குகிறது.
நடுவில் ஒன்றுமே இல்லை.
நடுவில்தானே எங்கள் ஊர்?
பெட்ரோல் பங்க், பள்ளிக்கூடம்,
சராந்திஸின் கல்வேலி,
காலையில் நான் கொடியில் போட்ட மூன்று பாவாடை,
எங்கே எல்லாம்?
வரைபடம் போட்டவன் கெட்டிக்காரன்.
ஒரு சாண் கணக்கில்
அத்தனையும் விளிம்புக்குக் கீழே இறங்கிவிட்டது.
குதிகாலை உயர்த்தினால் ஊர் வருகிறது.
தாழ்த்தினால் போய்விடுகிறது.
உயர்த்தினேன். தாழ்த்தினேன்.
கோபம் வரட்டும் என்று கொஞ்சம் காத்திருந்தேன்.

வந்தது சுகம்.
கரண்ட் பில் இல்லாத,
யாரும் யாரோடும் பேசாமல் இருக்காத
ஒரே நீலம்.
இதற்குத்தான் ஓர் இரவுக்கு
என் இரண்டு மாதச் சம்பளம் கொடுக்கிறார்கள் போல.
மலிவுதான் என்றுகூட
ஒரு நிமிடம் தோன்றியது.

இரண்டே கால்.
மிதந்த புழுக்கைகளை அள்ளினேன், எண்ணி, பதினொன்று.
மருந்தை இரண்டு மூடி கூடுதலாய் ஊற்றினேன்.
சோபாவைத் திருப்பிப் போட்டேன்.

மூன்று மணிக்கு வந்தவர்களில்
தொப்பி வைத்த அம்மா மூக்கை உறிஞ்சினாள்:
"என்ன வாசம் இது? மூலிகையா?"
"மலை முழுக்க இருக்கிறது" என்றேன்.
பொய் இல்லை.
என் ஈரத் தலையை அவள் பார்த்தாள்,
மரியாதை தெரிந்தவள், கேட்கவில்லை.

ஸ்கூட்டரில் இறங்கினேன்.
எந்தத் திருப்பத்தில் நின்று அண்ணாந்தாலும்
அந்த வீடு தெரிகிறது.

பங்கில் சராந்திஸ்,
பிளாஸ்டிக் கேனுக்கு டீசல் பிடித்துக்கொண்டு.
குழாயிலிருந்து கண்ணை எடுக்காமல்
நாலு வருடத்தில் முதல் வார்த்தையாய்க் கேட்டான்:
"ஆடு நனைந்து வந்ததே?"

"மழை" என்றேன்.

வானத்தைப் பார்த்தான்.
என் தலையைப் பார்த்தான்.
கேன் நிரம்பி
அவன் செருப்பில் வழிந்தது.