விருந்தினர் வாரம்

ஆறு பேர். ஏழு பெட்டி.
ஏழாவதில் பழைய மூக்குக் கண்ணாடிகள், பலூன்,
போன மார்ச்சில் காலாவதியான இருமல் மருந்து.
காசிமேட்டு வாடைக்கு
ஒருவரும் மூக்கைப் பொத்தவில்லை.
அதற்கு மட்டும் ஸ்தோத்திரம் சொன்னேன்.

தண்ணீர் கேன் மூன்று, காரமில்லாத குழம்பு,
கரண்ட் போனால் டீசல்:
எல்லாம் நோட்டில் 'ஊழியச் செலவு'.
வேறு தலைப்பு கிடையாது.

இன்று டிரெஸ்ஸிங் அறைக்கு இங்கெபோர்க் வந்தாள்.
தேசிங்கின் சர்க்கரைக் காலைப் பிரித்தேன்.
இரண்டு விரல் போன வருஷமே எடுத்தாயிற்று.
ஜெபிக்கக் கை நீட்டியவள்
ஸ்டூலோடு சரிந்தாள்.

நல்ல காலில் நின்றுகொண்டு
தன் கேஸ் ஷீட்டால் விசிறினார் அவர்.
"இன்னாம்மா, துன்னியா இல்லியா?
சிஸ்டர், ஒரு பன்னீர் சோடா வாங்கியாரச் சொல்லு,
என் கணக்குல."

கண் திறந்ததும் என்ன சொன்னார் என்று கேட்டாள்.
சொன்னேன்,
அந்தக் கடைசி இரண்டு வார்த்தை தவிர.
சொன்னால் பர்ஸைத் திறந்துவிடுவாள்.

ராத்திரி கணக்கெழுத உட்கார்ந்தேன்.
வெளிநாட்டு நன்கொடை, நாற்பது பக்கம்.
உள்நாட்டுப் பக்கம் வெள்ளையாகவே கிடந்தது.
தேசிங்கு, சூரியநாராயணா தெரு,
பதினைந்து ரூபா—
கரண்ட் போயிற்று.
டீசல் போட எழுந்திருக்கவில்லை.