நாற்பத்தோரு விநாடி

குத்தாயிசியில், பாலத்துக்கு இந்தப் பக்கம்,
இரவெல்லாம் திறந்திருக்கும் மருந்துக்கடையில்
சம்பளத்துக்கு இருப்பவள் நான்.
வாசலில் பச்சைச் சிலுவை எரியும், அணையும்.
கல்லாவுக்குக் கீழே மடிக்கணினி.
இருமல் வந்தால் மூடுவேன்,
இருமல் போனதும் திறப்பேன்.

மொந்தெவிதெயோவிலிருந்து அனிபால் பாடம் நடத்துகிறார்.
என்னை அவருக்குத் தெரியாது.
பின்னால் ஒரு நாய். ஏழாம் பாடத்திலிருந்து
அதைக் காணவில்லை.
அவர் பேசும் ஸ்பானியத்தை இயந்திரமொன்று
ஜார்ஜியத்தில் பெயர்த்து அடியில் எழுதுகிறது.
"ஓரத்துக்கு இறகு வை" என்றது.
இறகைத் தேடி இரண்டு இரவு போயிற்று.
வெட்டிய இடம் தெரியாமல் கரையவிடு,
அவ்வளவுதான் என்று புரிந்தபோது
கடையில் யாருமில்லை, தனியாகச் சிரித்தேன்.

"சாவி போடு" என்றால் பச்சையை நீக்கு.
"முகமூடி போடு" என்றால்
ஒருத்தியின் கூந்தலைச் சுற்றிப் புள்ளி புள்ளியாக நட,
ஒவ்வொரு மயிரிழைக்கும் நின்று நின்று.
பயிற்சிக்கென்று அவர் தந்த அந்தப் பெண்ணை
எத்தனை ஊரில் எத்தனை பேர் கத்தரித்திருப்பார்கள்!
கடைசியில் காற்று பட்டுத் தும்முகிறாள்.
அதற்கு முன்னால் வெட்டிவிடு என்கிறார்.
நான் தும்மலை வைத்துக்கொண்டேன்.

முதல் கூலி வேலை சியாலா கொடுத்தது.
மகள் தாசோவின் ஐந்தாம் பிறந்தநாள்,
நாற்பத்தோரு விநாடி,
விநாடிக்கு இருபத்தைந்து ஃபிரேம்.
"அவனை எடுத்துவிடு" என்றாள்.
பெயரை வீடியோவிலிருந்துதான் தெரிந்துகொண்டேன்:
யாரோ கத்துகிறார்கள்,
"ஒத்தியா, கேக்கைத் தாழ்த்து, மெழுகு ஒழுகுது!"

ஆளை எடுக்கப் பதினோரு இரவு.
எடுத்ததும் கேக் அந்தரத்தில் நின்றது.
ஆகவே என் கைகளை நானே படம்பிடித்தேன்,
மாத்திரை அட்டைப்பெட்டி ஒன்றை ஏந்தி.
விரல்களில் சிலுவையின் பச்சை வழிந்திருந்தது.
வழிந்ததைத் துடைக்க இன்னொரு பாடம்.
இப்போது ஃபிரேமின் ஓரத்திலிருந்து நீண்டு,
நகம் கடித்த என் கைகள்
அழைக்காத விருந்தில் கேக் ஏந்துகின்றன.

பிறகு நிழல்.
பதினான்காம் பாடம் முழுக்க அதுதான்:
ஆளை எடுத்தவர்கள் நிழலை மறந்துபோவார்கள்.
சுவரில் ஒன்று.
கெண்டியில் வளைந்து ஒன்று.
வெள்ளி பலூனில் கடுகளவு ஒன்று.
சுவரைப் பூசினேன். கெண்டியைத் துலக்கினேன்.

தாசோவின் கண்கள்தான் சரிவரவில்லை.
அவன் முகம் இருந்த உயரத்துக்கு
அண்ணாந்து சிரிக்கிறாள்.
அங்கே இப்போது திரைச்சீலை.
பார்வையைத் திருப்பவும் பாடம் உண்டு, ஒன்பது நிமிடம்;
கருமணியை மெழுகுவத்திப் பக்கம் நகர்த்திவிடலாம்.
நகர்த்திப் பார்த்தேன்.
கச்சிதமாகப் பொருந்தியது.
அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.
பழையபடி வைத்தேன்.
பலூனிலும் அவனை விட்டுவிட்டேன்,
நேரமில்லை என்று எனக்கே சொல்லிக்கொண்டு.

அறுபது லாரி வந்தது.
"திரைச்சீலையைப் பார்த்துச் சிரிக்கிறாள்"
என்று மட்டும் எழுதியிருந்தாள்.
விடிகாலை நாலுக்கு இன்னொன்று:
"என் போனில் இருந்ததை அழித்துவிட்டேன்.
உன்னிடம் அசல் இருக்கிறதா?"

முதல் பாடம், இரண்டாம் நிமிடம்,
நாய் குரைக்கக் குரைக்க அனிபால் சொல்லியிருந்தார்,
அசலைத் தொடாதே, நகலில் வேலை செய்.

"இருக்கிறது."

"இருக்கட்டும்.
எங்கே என்று எனக்குச் சொல்லாதே."

கதவு மணி அடித்தது. காய்ச்சலுக்கு மருந்து.
குழந்தையின் எடை என்ன என்று கேட்டேன்.
வந்தவன் பாதி முகம் பச்சையாக,
இரண்டு கைகளையும் வெறும் காற்றில் ஏந்தி,
மெல்ல ஒருமுறை தூக்கிப் பார்த்து,
"இவ்வளவு" என்றான்.