ஆரெண்டு சொல்லு

மூன்று நாளாய்க் கப்பல் இல்லை.
கடையில் பால் இல்லை, ஈஸ்ட் இல்லை.
காசுமேசையில் இருந்தபடி
இல்லை இல்லை என்றே ஆண்டை முடித்தேன்.

அம்ரும் தீவில் வருடக் கடைசி இரவு
ஆரும் சொந்த முகத்தோடு வெளிக்கிடுவதில்லை.
தலையணையால் வயிறு, சாக்கால் தாடி,
குரலையும் மாற்றிக்கொண்டு கதவைத் தட்டுவார்கள்.
ஆரெண்டு சொல்லும்வரை
முகமூடி கழராது.

போன வருடம் என் கதவுக்கு ஐந்து பேர்.
காசுமேசைக்காரிக்குக் கைகள் தெரியும்.
பெருவிரலால் மூக்கைத் தேய்த்தது மொம்மெ.
கையுறைக்குள்ளும் சின்னவிரல் மடங்காதது கேர்ரின்.
ஐவரையும் பிடித்துக் கொடுத்தேன்.
சுங்க அதிகாரி என்று சிரித்தார்கள்.

இந்த வருடம் நானும் போனேன்.
கணவரின் மழைக்கோட்டு, ரப்பர் சப்பாத்து,
கையுறைக்கு மேல் கையுறை.
ஓக்கெ வீட்டுக் குசினியில்
ஒருவர் தோளை அளந்தார்,
ஒருவர் குனிந்து முழங்காலைத் தட்டினார்.
"நடையைப் பார், நிக்கெல்சன் வீட்டு நடை.
முந்நூறு வருடமாய் அந்தக் குடும்பம்
இடப்பக்கம் சரிந்துதான் நடக்குது."

இடது சப்பாத்துக்குள் தண்ணீர்.

நான் தலையாட்டவில்லை. மறுக்கவுமில்லை.
முந்நூறு வருடத்துக் கல்லறைகள்
என் முதுகுக்குப் பின்னால் வரிசையில் நிற்க,
முகமூடி ஓட்டையால்
இன்னொரு மிடறு சாராயம் குடித்தேன்.

பிறகு தும்மல் வந்தது.
தும்மலோடு "முருகா" வந்தது.

குசினியே குலுங்கியது.
கழற்ற முன்னமே ஓக்கெ கேட்டான்:
"சுகிர்தா, நாளைக்குக் கப்பல் வந்தால்
எனக்கு ரெண்டு பெட்டி பால்
ஒளிச்சு வை."