பதினோரு நிமிடம்

எங்களுக்குள் ஓர் ஏற்பாடு.
யாரும் பேச வேண்டியதில்லை.
அழைப்பைத் திறந்து வைத்துவிட்டு
அவரவர் வேலையைப் பார்க்கலாம்.

டாண்டினாங் வெயிலில் தமயந்தி பூண்டு உரிப்பாள்.
ஹூஸ்டனில் நாச்சம்மை இஸ்திரி போடுவாள்,
உஸ்ஸென்று அந்த ஆவி
சாஸ்கடூனில் என் அடுக்களைக்குள் வரும்.
நான் நைட் ஷிஃப்டுக்குச் சோறு கட்டிக்கொண்டிருப்பேன்.
வெளியே மைனஸ் முப்பத்தெட்டு.
நாலாவதாக ஒருத்தி, வாடாமல்லி.
படத்திலும் அந்தப் பூதான்.
முகம் காட்டியதில்லை.

தமயந்திக்கு இதில் முழு நம்பிக்கை கிடையாது.
"வலை எண்டு பேர் வச்சவன் சும்மாவே வச்சான்?
பிடிபட்ட மீனைக் கேட்டுப் பாருங்கோ."
அவள் படத்தை எவனோ எடுத்து
வேறு பெயரில் உலவவிட்ட கதை எங்களுக்குத் தெரியும்,
அவள் சொல்லி அல்ல.

நாச்சம்மை விடமாட்டாள்:
"பிள்ளை பால் குடிக்காம ராத்திரி மூணு மணிக்குக் கத்துனப்ப
யாரும்மா வந்தா?
பக்கத்து வீட்டுக்காரியா?
நீதானே வந்தே, போன்ல."

எனக்குக் கருத்தென்று ஒன்றும் இல்லை.
வீட்டில் இன்னொரு ஆள் இருமுகிற சத்தம் போதும்.

வாடாமல்லி இருமுவாள்.
சீரகத்தைக் கடைசியில் போடுவாள்.
பத்து ஐந்துக்கு கராஜ் கதவு உருளும் சத்தம்,
உடனே மைக் அணைந்துவிடும்.
அதைப் பற்றி நாங்கள் கேட்டதில்லை.

ஜனவரியில் நாலு நாள் அவள் பச்சைப் புள்ளி எரியவில்லை.
போலீசுக்குச் சொல்லலாம் என்றாள் நாச்சம்மை.
சொல்லலாம்.
பெயர்? வாடாமல்லி.
ஊர்? அவளும் குளிரைத் திட்டுவாள், அவ்வளவுதான்.
ஆள் எப்படி இருப்பாள்?
சீரகத்தைக் கடைசியில் போடுவாள், ஐயா.

ஐந்தாம் நாள் எனக்கு லீவு.
அழைப்பில்லாத அடுக்களையில்
குழாயை மூடிவிட்டு நின்றேன்.
ஒன்பது ஐம்பத்தொன்று. சரக்கு ரயில் ஊதியது:
நீளம், நீளம், குட்டை, நீளம்,
கடைசி ஊதலில் தொண்டை கட்டிய ஒரு பிசிறு.
அந்தப் பிசிறைத்
தினமும் இருமுறை கேட்டிருக்கிறேன்.
ஒன்பது நாற்பதுக்கு அவள் வழியாக,
பிறகு என் ஜன்னல் வழியாக.
வேறேதோ ஊர், வேறேதோ ரயில் என்று
விட்டிருந்தேன்.

காரை எடுத்தேன்.
உறைந்த ஆற்றைத் தாண்டி,
தண்டவாளம் போன வழியே,
முப்பத்துமூன்றாம் தெருப் பக்கம்.
வரிசையாக வீடுகள்.
ஜன்னலுக்கு இரண்டு கண்ணாடி, கதவுக்கு ரப்பர் விளிம்பு.
இந்தக் குளிரில் எந்த வீடும் மணக்காது.
யார் தாளிக்கிறார்கள்
என்று மூக்கை நம்பிப் போக முடியாது.

மடியில் போன் அதிர்ந்தது.
பச்சைப் புள்ளி.
"சார்ஜர் கெட்டுப்போச்சு," என்று எழுதியிருந்தாள்.
யாரும் நம்பவில்லை, யாரும் கேட்கவுமில்லை.
தமயந்தி அழைப்பைத் திறந்தாள்.
பூண்டுத் தோல் சரசரத்தது.
நாச்சம்மை மூக்கை உறிஞ்சினாள்,
இஸ்திரிப் பெட்டியின் மேல் பழியைப் போட்டாள்.
ஒரு இருமல் வந்தது. அவளுடையதுதான்.

பத்து ஐந்து.
கராஜ் கதவு உருண்டது,
காதில் ஒருமுறை,
கார்க் கண்ணாடிக்கு வெளியே ஒருமுறை.
இடையில் பதினோரு நிமிடம் இல்லை.
இடப்பக்கம், எங்கோ, மிக அருகில்.

அவள் மைக் அணைந்தது.

திரும்பிப் பார்க்கலாமா என்று
மற்ற இருவரையும் கேட்டிருக்கலாம்.
என் மைக்கும் அணைந்தே இருந்தது.
ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்தேன்.
எஞ்சினை நிறுத்தவில்லை.