இந்த வீட்டுப் பல்

இருபத்தேழு பெட்டிகள் ஒட்டியாயிற்று.
இருபத்தெட்டாவதில் கிவாஷ்னி உட்கார்ந்திருக்கிறாள்,
பானைகளை ஒவ்வொன்றாய் வெளியே வைத்துவிட்டு.
"இது போகாது."
சாட்ஸ்வர்த்தின் பிப்ரவரிப் புழுக்கத்தில்
அட்டை நெகிழ்ந்தது,
அவள் நெகிழவில்லை.

ஐந்தரை வயது. கீழ்வரிசையில் ஒரு பல் ஆடுகிறது.
தொட விடமாட்டாள்.
அது இந்த வீட்டுப் பல்லாம்,
இந்தக் கூரைமேல்தான் எறிவாளாம்,
மிச்சத்தைக் குரங்குகள் பார்த்துக்கொள்ளுமாம்.

நான் நர்ஸ்.
ஊசி போடுமுன் "வலிக்காது" என்று
எந்தப் பிள்ளையிடமும் சொன்னதில்லை, ஆஸ்பத்திரியில்.
வீட்டில் சொன்னேன்:
லெனேசியாவில் பெரிய அறை, ஊதாச் சுவர்,
ஊஞ்சல், புதுத் தோழிகள்,
அப்பாவுக்கு நல்ல வேலை.
நான் ஒவ்வொன்றாய் விரிக்க விரிக்க
சேலைக்கடைக்காரியைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

"அங்கே குரங்கு இருக்கா?"

தேசிகன் டேப்பின் நுனியைத் தேடத் தொடங்கினான்.
"இல்லை," என்றேன்.
"கடல்?"
"இல்லை. ஆறு மணி நேரம் வண்டியோட்டி
இங்கேதான் வரணும், கடலுக்கு."
"உனக்குப் பிடிச்சிருக்கா அந்த ஊரு?"

பிடிக்கலை. இன்னும் பிடிக்கலை.
வாயைவிட்டு அது விழுந்த பிறகுதான்
தேசிகனுக்குத் தெரிந்தது. எனக்கும்.

அழுதாள். நல்ல அழுகை,
மூன்று வீடு தள்ளி டோலி ஆன்ட்டி ஜன்னல் திறக்கிற அழுகை.
பானைகளுக்கு நடுவில் தரையில் உட்கார்ந்தேன்.
நிறுத்து என்று சொல்லவில்லை.
நாக்கு வரை வந்தது, விழுங்கினேன்.

பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு
அவளே வேலையைப் பிரித்துக் கொடுத்தாள்.
பெட்டிமேல் எழுதுவது அவள்.
இருபத்தெட்டிலும் அவள் பெயரின் முதலெழுத்து,
சிலவற்றில் தலைகீழாய்.
லாரிக்காரர் கேட்டார், "எல்லாமே இந்தம்மாவோடதா?"
"ஆமா," என்றாள். பெட்டியிலிருந்து இறங்காமலே.

ஹாரிஸ்மித்தில் பெட்ரோல் போட நின்றபோது
சுட்ட சோளத்தோடு பல் வந்துவிட்டது.
வண்டிக்குள் யாரும் மூச்சு விடவில்லை.
"திருப்பு வண்டியை."
"முடியாது, கண்ணு."
"அப்போ இது எந்த வீட்டுப் பல்?"
தெரியவில்லை.
தெரியவில்லை என்றே சொன்னேன்.
தேசிகன் தீக்குச்சிகளை மடியில் கொட்டிவிட்டு
வெறும் பெட்டியைப் பின்சீட்டுக்கு நீட்டினான்.

இறங்கியதும் வாசலில் நின்று
புதுக் கூரையை அண்ணாந்து பார்த்தாள்,
வீட்டுக்காரி வாடகைக்கு வருகிறவனைப் பார்ப்பதுபோல்.
"இதை எனக்கு இன்னும் தெரியாது."
தீப்பெட்டி தலையணை உறைக்குள் போயிற்று.

மார்ச்சில் பள்ளிச் சீருடையைக் கழிப்பறையில் ஊறவைத்தாள்.
ஏப்ரலில் ஒருநாள் நான் கத்தினேன்,
கத்தியதற்கு மன்னிப்பும் கேட்டேன்.
"யோசிக்கிறேன்," என்றாள். இரண்டு நாள் யோசித்தாள்.
பக்கத்து வீட்டு லெராட்டோ
சுவர்மேல் ஏறிக் கூப்பிட்டபோது போகவில்லை.
மறுநாள் இவள் கூப்பிட்டாள், அதிகாரமாய்,
அந்தப் பெண் வரும்வரை.

ஜூனில் முதல் உறைபனி.
புல் அப்பளமாய் நொறுங்கியது.
செருப்பில்லாமல் ஓடி, அலறி, திரும்பி வந்து,
லெராட்டோவுக்குக் காட்டவேண்டும் என்று
மறுபடி ஓடினாள்.

இன்று தலையணை உறை மாற்றும்போது
தீப்பெட்டி விழுந்தது.
குலுக்கினேன். சத்தமில்லை.

எப்போது என்று அவளிடம் கேட்கவில்லை.
கொல்லையில் துணி உலர்த்துகையில்
ஒரே ஒருமுறை கூரையைப் பார்த்தேன்.
ஏணி சுவரோரம் கிடக்கிறது.
கிடக்கட்டும்.